வகுப்பறையினின்று நீக்கப்பட்டோர் வளர்த்த இலக்கியம்

1952ஆம் ஆண்டிலே, தென்னாபிரிக்காவின் பொன் விளையும் நகராகிய ஜொகன்னஸ்பேர்க்கை அடுத்த ஓர்லாண்டோ என்னும் ஊரில், ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கென நடைபெற்ற உயர்தரப் பாடசாலையொன்றின் ஆசிரியரொருவர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டார். அவர் பெயர் எசேக்கியேல் எம்பாலேலே. ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த வேறிருவரும் அவருடன் நீக்கப்பட்டனர். வகுப்புக்குப் பிந்தி வந்தாரென்றோ பாடத்தைச் சரிவரக் கற்பிக்கவில்லையென்றோ அவர்மீது எவரும் குறை கூறினாரல்லர். ஆபிரிக்கரின் கல்வியை எவ்வாறு திருத்தியமைக்கலாமென ஆராய்வதற்கு அரசாங்கம் நியமித்த ஐசிலன் ஆணைக்குழு 1951இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அவ்வறிக்கையைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் எடுத்துக்காட்டி, இது கல்வியன்று, கல்வியின் மறுப்பு என்று கூறியதே அவர்கள் செய்த குற்றம்.

எம்பாலேலேயின் தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து மகனைப் படிப்பித்தவர். மகன் சிறுவயதில் நாட்டுப்புறத்தில் ஆடு மேய்த்தவர். பின்னர்ப் பிரிற்றோரியா நகரின் சேரியொன்றில் வளர்ந்தவர். இத்தகைய ஒருவர் ஆசிரியராவது அந்நாளைய ஆபிரிக்கச் சமூகத்திற் சிறிய காரியமன்று. வழக்கறிஞரும் வைத்தியரும் விரல்விட்டு எண்ணத்தக்கவராயிருந்த அச்சமூகத்திற் கற்றோர் வகுப்பு என்பது பெரும்பாலும் ஆசிரியரும், போதகரும், லிகிதருமே. அவ்வகுப்பைக் குறிவைத்தே இனவொதுக்கற் கொள்கையின் ஒரு பெரும்பகுதி வகுக்கப்பட்டது. தென்னாபிரிக்க இலக்கியத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ள வேண்டுவோர் இதனை முதலில் மனத்திற் கொள்ளுதல் நன்று.

1948 மே மாதத்துத் தேர்தலில் மலான் தலைமையில் தேசியக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949இல் வந்தது. ஒவ்வொரு மனிதரையும் இன்ன இனத்தவரெனப் பதிவு செய்யும் சட்டம், இன்ன இனத்தவர் இன்ன இடத்திலேயே வாழலாமென விதிக்கும் சட்டம், பொதுவுடைமையை அடக்கும் சட்டம் ஆகிய மூன்றும் 1950ஆம் ஆண்டிற்கு உரியன. 1952இல் அனுமதிச்சீட்டுக்களை ஒழிக்கும் சட்டம் எனப் பெயரிய ஒன்று நிறைவேறிற்று. பெயரைக் கேட்டு மகிழ்ந்தவர் ஏமாந்தனர். பழைய சீட்டுக்கள் பலவற்றை நீக்கி, அவை யாவற்றையும் ஒரே புத்தகமாகக் கட்டி, பதினாறு வயது நிரம்பிய ஆபிரிக்கர் எவரும் அதனை எந்நேரமும் உடன் வைத்திருத்தல் வேண்டும் என அச்சட்டம் கட்டளையிட்டது. அதற்கு முன்னர்ப் படித்தவர் சிலர் சீட்டுச் சட்டத்தினின்று விலக்குப் பெற்றிருந்தனர். ஆனால், விலக்குப் பெற்றமைக்குச் சான்றான தாளை அவர்களும் சட்டைப்பையிற் சுமந்து திரிய வேண்டியிருந்தது!

1953இல் வந்தது பாண்டுக் கல்விச் சட்டம். சுதேச விவகார அமைச்சராயிருந்தவரும் பின்னர்ப் பிரதம மந்திரியானவருமாகிய வெர்வூட் அதன் நோக்கத்தை மறைக்கவில்லை. சிற்சில உடலுழைப்புக்களுக்கு மேற்பட்டு வெள்ளையர் சமூகத்தில் ஆபிரிக்கனுக்கு இடமில்லை. ஆதலின் அவனுக்கு எட்டாத பசும்புல்வெளிகளைக் காட்டும் கல்வி பயனற்றது என்பது அவர் 1954இல் மேற்சபையிற் பேசிய பேச்சின் சாரம். அதுவரை ஆபிரிக்கரின் கல்வி பெரும்பாலும் மிசன் பாடசாலைகளின் கையில் இருந்தது. லவ்டேல், ஹீல்ற்றவுன், அடம்ஸ் முதலிய கலாசாலைகளிற் படித்தவர்களே ஆபிரிக்கரின் அரசியற் தலைவர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்கினர். இப்பாடசாலைகள் அரசாங்கத்தின் பிடிக்குள் வந்தன. இணங்காதவற்றுக்கு உதவிப்பணம் நிறுத்தப்பட்டது. ஆபிரிக்கரின் கல்விக்குப் பொதுநிதியிலிருந்து ஆண்டுதோறும் 65 இலட்சம் பவுணுக்கு மேல் கொடுபடாதென வரையறை செய்யப்பட்டது. மேற்கொண்டு வேண்டுவதை ஆபிரிக்கர் தம் வரிப்பணத்திலிருந்தே காணல் வேண்டும். பிள்ளைகளின் தொகை பெருக, பணம் பெருகவில்லை. கீழ்வகுப்புக்களில் ஒரே ஆசிரியர் காலையில் ஒரு கூட்டத்திற்கும் பகலில் இன்னொரு கூட்டத்திற்கும், ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று மணி நேரமாகக் கற்பிக்கும் முறை புகுத்தப்பட்டது. இதன் பொருள் என்னவென்பதைப் பாடசாலை நடத்தியவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை.

எதற்காக ஓர் அரசாங்கம் தன் குடிகளிற் பெரும்பான்மையோரைக் கூலியாளராகவே வைத்திருக்க இத்துணை முயன்றது? விடை நிலத்திலும் பொன்னிலும் உள்ளது. 1886இல் விற்வோற்றஸ்ராண்ட் மலைத்தொடரிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. அப்பொன் மண்ணுள் மிக ஆழத்தில், கல்லோடு கலந்து, அருகிக் கிடந்தது. அதனை இலாபத்தோடு தோண்டுவதற்கு மலிந்த உழைப்பு வேண்டும். 1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கை மட்டுமே ஆபிரிக்கருக்கு ஒதுக்கியது. 1936இல் இது நூற்றுக்கு 13 பங்களவாக உயர்த்தப்பட்டது. நிலமிழந்தவன் சுரங்கத்திற்கு வந்தான். மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டு, வேலி சூழ்ந்த தொழிலாளர் விடுதியில் ஒப்பந்த காலம் முடியுமளவும் தங்கினான். நிலச்சட்டத்தாற் குடும்பங்கள் ஆடுமாடுகளோடு பெருந்தெருக்களில் அலைந்த காட்சியை நேரிற் சென்று கண்டு நூலாக எழுதியவர் சொலமன் பிளாட்ஜே. ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் முதற் பொதுச் செயலாளரும் அவரே. தென்னாபிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலாகிய 'முகூடி'யும் அவருடையது. எழுதிப் பத்தாண்டளவு காத்திருந்த பின்னரே, 1930இல், அதனை அச்சிற் காணும் பேறு அவருக்குக் கிட்டிற்று.

தொழிலாளர் யாவரும் ஒன்றுபட்டிருந்தால் கதை வேறாயிருக்கும் என எண்ணுதல் எளிது. வெள்ளையருள்ளும் வறியவர் இருந்தனர். பண்ணைகளை இழந்து நகரம் வந்த ஆபிரிக்கானர் பலர் கஞ்சிக்கு அலைந்தனர். 1932இல் வெளியான கார்ணகி ஆணைக்குழுவின் அறிக்கை இவ்வாறான ஏழை வெள்ளையரின் தொகையை ஏறத்தாழ 3 இலட்சமென மதித்தது. ஆயினும் 1922இல் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர் ஆயுதமேந்திக் கிளர்ந்தபோது, அவர்கள் எதிர்த்தது முதலாளியை மட்டுமன்று. தம்மிடத்திற் குறைந்த கூலிக்கு அமர்த்தப்படவிருந்த கறுப்புத் தொழிலாளனையும் எதிர்த்தனர். உலகத் தொழிலாளரை ஒன்றுபடுமாறு அழைக்கும் சுலோகத்தை எடுத்து, அதன் வாலில் வெள்ளைத் தென்னாபிரிக்காவுக்காகப் போராடுக என்று ஒட்டினர். ஸ்மட்சின் அரசாங்கம் ஆகாயவிமானங்களைக் கொண்டு அக்கிளர்ச்சியை நசுக்கியது. ஆனால், 1926இல் சுரங்கங்களின் தேர்ந்த வேலைகளைக் கறுப்பருக்கு மறுக்கும் சட்டம் வந்தபோது, தோற்றவர் கேட்டது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

இப்பின்னணியிலே 1946ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏறத்தாழ 70,000 ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்துச் சிலிங் கூலி கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். ஒரு வாரத்திற்குள் பொலிசார் அவர்களை அடித்துச் சுரங்கத்துள் இறக்கினர், பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டிற் பீற்றர் ஆபிரகாம்சின் 'சுரங்கப் பையன்' என்னும் நாவல் இலண்டனில் வெளிவந்தது. ஆபிரகாம்ஸ் ஜொகன்னஸ்பேர்க்கின் விறீடடோர்ப் சேரியிற் பிறந்தவர். இருபது வயதிற் கப்பலேறி நாட்டை விட்டு நீங்கியவர். வடக்கிலிருந்து வேலை தேடி வரும் சூமா என்னும் இளைஞன் அந்நாவலின் தலைவன். சுரங்கம் இடிந்து இருவர் இறந்தபின், உள்ளே இறங்க மறுக்கும் தொழிலாளருக்கு அவன் தலைமை தாங்குகின்றான்; வெள்ளை மேலாள் ஒருவனும் அவன் பக்கம் நிற்கின்றான். கறுப்பனும் வெள்ளையனும் ஒரே வகுப்பினராக நின்ற அக்காட்சி, சுரங்கங்களின் மெய்யான வரலாற்றில் நிகழாத ஒன்று. நாவலாசிரியர் தம் விருப்பத்தையே உண்மையாக எழுதிவிட்டார் என்று பின்வந்தோர் சிலர் குறைகூறினர். அக்குறையில் நியாயம் உண்டு. எனினும், சேரியின் முற்றத்தில் அந்திப்பொழுதில் நிகழும் கள்ளச் சாராய வியாபாரத்தையும், நெஞ்சு நோயால் இருமி இருமிச் சாகும் சுரங்கத் தொழிலாளனையும் அவருக்கு முன் அவ்வாறு எழுதியவர் அரியர்.

வேலையிழந்த எம்பாலேலே சிலகாலம் அயல்நாடாகிய பசுற்றோலாந்திற் கற்பித்தார். 1955இல் 'டிறம்' சஞ்சிகையிற் கதைப்பகுதி ஆசிரியராய்ச் சேர்ந்தார். பேரிகை என்று பொருள்படும் அச்சஞ்சிகை 1951இல் தொடங்கியது. அதன் உரிமையாளர் ஜிம் பெய்லி ஒரு பொற்சுரங்க அதிபரின் மகன் என்பது கவனிக்கத்தக்கது. சுரங்கத்திலிருந்து வந்த செல்வமே, சுரங்கச் சமூகத்தின் துயரைப் பேசிய ஏட்டுக்கு முதலாயிற்று. குத்துச்சண்டை, அழகிகளின் படங்கள், காதற் கதைகள், கள்வர் கூட்டங்களின் செய்திகள் ஆகியவற்றுக்கு நடுவே அவ்வேடு உண்மைகளையும் வெளியிட்டது. அதன் செய்தியாளர் ஹென்றி என்சுமாலோ, பெத்தல் பகுதிப் பண்ணைகளில் ஆபிரிக்கக் கூலிகள் படும் கொடுமையை 1952இல் வெளிக்கொணர்ந்தார். 1954இல் வேண்டுமென்றே அனுமதிச்சீட்டின்றித் திரிந்து, பிடிபட்டு, மறியற்சாலையின் உள்நிலையைத் தாமே அநுபவித்து எழுதினார். 1956ஆம் ஆண்டின் இறுதி இரவில், வேறொரு செய்தியைத் தேடிச் சென்றவிடத்து அவர் கொலையுண்டார்.

டிறம் எழுத்தாளரின் ஊர் சோபியாரவுன். ஆபிரிக்கர் நிலத்தைத் தம் பெயரில் உறுதி முடித்து வைத்திருக்கக்கூடிய மிகச் சில இடங்களுள் அது ஒன்று. வைத்தியரின் மாடிவீடும், பின்முற்றத்தில் வரிசையாக நிறுத்திய தகரக்குடில்களும் ஒரே தெருவில் இருந்தன. வேறு நாடுகளிற் கற்றவன் சேரியை விட்டு நீங்கி நல்ல பகுதிக்குக் குடிபெயர்வான். இங்கே சட்டம் அவனை நீங்க விடவில்லை. பட்டதாரியும், சலவைக்காரியும், கத்தி வைத்திருப்பவனும் ஒரே குழாயடியில் நீருக்கு நின்றனர். ஆபிரிக்கர் ஐரோப்பிய மதுவை வாங்குதல் 1960களின் தொடக்கம்வரை சட்டவிரோதமாதலால், பெண்கள் நடத்திய கள்ளத் தவறணைகளே எழுத்தாளரின் மன்றங்களாயின. போட்ஹெயார்ப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலத்திற் சிறப்புச் சித்தி பெற்ற ஆசிரியராகிய கான் தெம்பா, 1953இல் டிறம் நடத்திய சிறுகதைப் போட்டியில் முதற்பரிசு பெற்று, பாடசாலையை விட்டுப் பத்திரிகைக்கு வந்தார்.

தெம்பாவின் புகழ்பெற்ற கதை 'கோட்டுடை'. மனைவியின் கள்ளக்காதலன் விட்டோடிய உடையை, ஓர் விருந்தாளியைப் போல் மேசையில் இருத்தி உணவு படைக்கும்படி கணவன் அவளைக் கட்டாயப்படுத்துகின்றான். இறுதியில் அவள் இறக்கின்றாள். அமைச்சரோ நீதிபதியோ அக்கதையில் முன்வந்து நிற்பதில்லை. ஆனால், நாள்முழுதும் பிறர் ஆணைக்கு அடங்கி நடக்கும் ஒருவன், தான் ஆணையிடக்கூடிய ஒரே இடமாகிய வீட்டில் எவ்வளவு கொடியவனாகிறான் என்பதை அதனைக் காட்டிலும் நன்கு காட்டிய கதை அரிது. அரசியலைப் பேசாத எழுத்து என டிறம் கதைகளைத் தள்ளியவர்கள் இதனைக் காணத் தவறினர்.

1955 பெப்ரவரி 9ஆம் நாள் காலையில் ஏறத்தாழ 2,000 பொலிசார் சோபியாரவுனைச் சூழ்ந்தனர். மழைக்கிடையே தட்டுமுட்டுச் சாமான்கள் லொறிகளில் ஏற்றப்பட்டு, மக்கள் மெடோலாண்ட்ஸ் என்னும் புதுக்குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் எதிர்க்க முயன்றது, வெல்லவில்லை. அதற்குக் காரணம் துப்பாக்கி மட்டுமன்று. உறுதிக்காணி வைத்திருந்தவர் எதிர்த்தனர். அவர்தம் முற்றத்திற் பெருவாடகை கொடுத்துத் தகரக்குடிலில் ஒடுங்கியிருந்த குடியிருப்பாளர் பலர், அரசாங்கம் கொடுத்த செங்கல் வீட்டை மனமின்றியேனும் ஏற்றனர். வகுப்புப் பிளவு கறுப்பரிடையிலும் இருந்தது. பழைய நாளை நினைந்து எழுதப்பட்ட நூல்களிற் சில இவ்வுண்மையை ஒதுக்கிவிடுகின்றன. இடித்த ஊரின்மேல் வெள்ளையருக்கென எழுப்பிய ஊருக்கு 'வெற்றி' எனப் பொருள்படும் திரியோம்ப் என்று பெயரிட்டனர்.

எம்பாலேலே 1957இல் நைஜீரியாவுக்குச் சென்றார். தம் நாட்டில் மறுக்கப்பட்ட ஆசிரியத் தொழில் அங்கே அவருக்குக் கிடைத்தது. 1959இல் அவருடைய சுயசரிதையாகிய 'இரண்டாம் ஒழுங்கை வழியே' வெளிவந்தது. அதனினும் கூர்மையானது, 1967இல் வெளியான தொகுதியிற் சேர்ந்த 'திருமதி பிளம்' என்னும் நெடுங்கதை. கதை சொல்பவள் கராபோ என்னும் வேலைக்காரி. எசமானி கறுப்பருக்காகப் பரிந்து எழுதுபவள். அவர்களுக்காகச் சிறைக்கும் செல்பவள். அவள் கராபோவை மேசையில் உடனிருத்தி உண்பிக்கின்றாள், வாசிக்கத் தூண்டுகின்றாள். ஆனால், மாமன் இறந்தபோது ஊர்செல்ல விடை கேட்டால் அது வேறு காரியம். எசமானியின் வீட்டில் நாய்களுக்குள்ள இடம் எது, தனக்குள்ள இடம் எது என்பதைக் கராபோ மெல்ல மெல்ல அளந்தறிகின்றாள். கருணைக்கும் சமத்துவத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வேலைக்காரியின் மகன் எழுதினார். அதனாற்போலும் அதில் ஆத்திரத்தைவிட நகைப்பே மிகுதி.

கேப்ரவுன் நகரின் ஆறாம் வட்டாரத்தவரான அலெக்ஸ் லகூமா மெய்யாகவே பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். 1956இன் இராசத்துரோக வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட 156 பேருள் ஒருவர். அவருடைய 'இரவில் ஓர் உலா' 1962இல் நைஜீரியாவின் இபாடானில் அச்சேறியது. வெள்ளை மேலாளோடு வாய்த்தர்க்கப்பட்டு ஆலை வேலையை இழந்த மைக்கல் அடோனிஸ், அவ்வாத்திரத்தில் ஓர் அயர்லாந்துக் கிழவனைக் கொன்றுவிடுகின்றான். கிழவன் குடிகாரன், வறியவன், அதே இடிந்த கட்டிடத்தில் வாடகைக்கு இருப்பவன். வெள்ளைத்தோல் ஒன்றே அவனுடைய செல்வம். 1946இல் ஆபிரகாம்ஸ் கண்ட கனவுக்குப் பதினாறு ஆண்டுகளின் பின் லகூமா எழுதிய மறுமொழி இது எனலாம்.

சார்ப்வில்லில் 1960 மார்ச் 21ஆம் நாள் அனுமதிச்சீட்டுக்களை எதிர்த்துக் கூடியவருள் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், நாடு இறுகியது. எழுத்தாளர் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினர். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு வெளியேறும் அனுமதி என்ற ஒன்று கொடுக்கப்பட்டது. அதைப் பெற்றவர் திரும்பிவர முடியாது. அவ்வாறு சென்ற இளம் பத்திரிகையாளர் நாற் நகாசா 1965இல் நியூயோர்க்கின் உயர்மாடியொன்றிலிருந்து வீழ்ந்து இறந்தார். அவருடைய எச்சங்கள் 2014இலேயே தாயகம் சேர்ந்தன. 1966 ஏப்ரலில் அரசாங்க வர்த்தமானி, வெளிநாட்டில் வாழும் 40இற்கும் மேற்பட்டோரின் பெயர்களை வெளியிட்டது. எம்பாலேலே, தெம்பா, புளோக் மொடிசானே, லூயிஸ் இன்கோசி முதலியோர் அதில் அடங்குவர். பொதுவுடைமை அடக்கற் சட்டத்தின் கீழ் அவர்களுடைய எழுத்தையோ பேச்சையோ தென்னாபிரிக்காவில் அச்சிடுதலும் எடுத்தாளுதலும் அன்றிலிருந்து குற்றமாயின. இவருட் பெரும்பாலார் எக்கட்சிக்கும் கட்டுப்படாதவர். தெம்பா சுவாசிலாந்திற் பழையபடி பாடசாலை ஆசிரியராகி, அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார். எழுத்தின் ஒரு தலைமுறை முழுவதும், ஒரு வர்த்தமானித் தாளால், தன் சொந்த நாட்டு வாசகரின் கண்ணினின்று மறைக்கப்பட்டது.

ஆசிரியராயிருந்து நீக்கப்பட்ட இன்னொருவர் டெனிஸ் புரூட்டஸ். ரொபன் தீவுச் சிறையிலிருந்து 1965இல் வெளிவந்த அவருக்கு, பிரசுரத்துக்கென எதுவும் எழுதலாகாதெனத் தடை இருந்தது. கவிதைகளைத் தம் சகோதரரின் மனைவி மார்த்தாவுக்கு எழுதும் கடிதங்களாக எழுதி அவர் சட்டத்தை ஏய்த்தார்; அவை 1968இல் நூலாயின. வெள்ளையர் எழுத்தும் தப்பவில்லை. நடீன் கோடிமரின் நாவல்கள் சில தடைப்பட்டன. 1974இல் அந்திரே பிறிங்கின் நாவல் தடைசெய்யப்பட்டபோது, ஆட்சியாளரின் தாய்மொழியாகிய ஆபிரிக்கான்சும் முதன்முறையாக அத்தடையை அறிந்தது. இவர்களுக்கு நூல் தடைப்பட்டது. கறுப்பு எழுத்தாளனுக்கு வீடும் வேலையும் ஊரும் சேர்ந்து தடைப்பட்டன.

நேற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் சென்னைத் துறைமுகத்தினின்று ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களும் இக்கதைக்குப் புறம்பானவரல்லர். டர்பன் நகரின் கேற்றோ மேனரில் அவர்கள் காய்கறித் தோட்டமும் கோயிலும் அமைத்து வாழ்ந்தனர். 1949 சனவரியில் ஆபிரிக்கருக்கும் இந்தியருக்குமிடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர். கடைக்காரனாகவும் பஸ் முதலாளியாகவும் வீட்டுச் சொந்தக்காரனாகவும் இந்தியனைக் கண்ட ஏழை ஆபிரிக்கனின் கோபம், எட்டாத வெள்ளையனை விட்டு எட்டியவன்மேற் பாய்ந்தது. பின்னர் இனவாரி நிலச்சட்டம் இருவரையுமே அவ்விடத்தினின்று பெயர்த்தது. கேற்றோ மேனரின் கதைகளை எழுதிய ரொனி கோவெண்டர் அங்கு 1934இற் பிறந்தவர். கவுண்டர் என்னும் பெயரே பதிவேட்டில் அவ்வாறு திரிந்ததென்பர்.

1970களில் எழுதப் புகுந்தோர், மிசன் கலாசாலைகளின் பட்டதாரிகளல்லர். 'பசுத்தோற் பேரிகையின் ஓசைகள்' என்னும் கவிதைத் தொகுதியை 1971இல் வெளியிட்ட ஓஸ்வால்ட் எம்ற்சாலி, ஜொகன்னஸ்பேர்க்கில் ஸ்கூட்டரிற் பொதி கொண்டு திரிந்த ஏவலாளர். 1975இல் 'மெற்றோபோலிற்றனில் மியூரியல்' என்னும் நாவலை எழுதிய மிரியம் திலாலி, தவணைக்குத் தளபாடம் விற்கும் கடையொன்றில் லிகிதராயிருந்தவர். தவணை கட்டத் தவறிய ஏழை வாடிக்கையாளரின் பெயரைப் பேரேட்டிற் குறிப்பதும், அவர்களோடு அவர்கள் மொழியிற் பேசி முதலாளிக்குப் பணம் பெற்றுக் கொடுப்பதும் அந்நாவலின் தலைவிக்குரிய தொழில். தன்னினத்தார் சுரண்டப்படும் இடத்திற் சம்பளம் பெறுவோரின் மனச்சாட்சியை அவள் மறைவின்றிச் சொல்கின்றாள். இறுதியில் வேலையை விடுகின்றாள். அந்நூலும் 1979இல் தடைசெய்யப்பட்டது.

வெர்வூட்டின் கல்வித்திட்டத்திற் பயின்ற பிள்ளைகளே 1976 ஜூன் 16ஆம் நாள், கணிதம் முதலிய பாடங்களை ஆபிரிக்கான்ஸ் மொழியிற் கற்பிக்கும் கட்டளையை எதிர்த்துச் சொவெற்றோத் தெருக்களில் இறங்கினர். ஓர்லாண்டோவிலே அவர்கள் மேற் பொலிசார் சுட்டனர். எம்பாலேலே 24 ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையை இழந்த ஊர் அது.

மறு ஆண்டு, 1977இல், அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து நாடு திரும்பினார். இனவொதுக்கல் நீங்குமுன் திரும்பியது தவறெனப் புலம்பெயர்ந்த தோழர் பலர் அவரைக் கடிந்தனர். வடக்குப் பல்கலைக்கழகத்தில் அவர் கேட்ட ஆங்கிலப் பேராசிரியர் பதவியை அரசாங்கம் மறுத்தது. லெபோவாப் பகுதியில் வித்தியாதரிசியாகச் சில மாதங்கள், எந்தக் கல்வியை எதிர்த்து வேலையிழந்தாரோ அந்தக் கல்வி நடைபெற்ற பாடசாலைகளைச் சுற்றிப் பார்த்தார். பின்னர் விற்வோற்றஸ்ராண்ட் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 1983இல் அங்கே ஆபிரிக்க இலக்கியத்துறை நிறுவப்பட்டபோது அதன் தலைவரானார். அப்பொழுது அவருக்கு வயது 63. திரியோம்ப் என்ற பெயர் நீக்கப்பட்டு சோபியாரவுன் என்ற பெயர் மீண்டது 2006இல்; அதனைக் கண்டபின், 2008இல் அவர் மறைந்தார்.